இறக்கத்தில் கைமாறும் சாவி

ரொசல்லயைத் தாண்டி ரோடு குனியத் தொடங்கும் இடத்தில் கணேசமூர்த்தி அண்ணனின் இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கும். முதலில் கியர்க் கம்பை நியூட்ரலுக்குத் தட்டும். அடுத்து டாஷ்போர்டில் இருக்கும் சாவியைத் திருகி உருவும். கண் ரோட்டை விட்டு அசையாது. பக்கத்து சீட்டில் இருப்பவரின் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து, அதில் சாவியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடிவிடுவார். பெண்கள் என்றால் விரலைத் தொடமாட்டார். மடியில் இருக்கும் பையின்மேல் வைப்பார்.

"இதக் கொஞ்சம் புடிங்க."

அவ்வளவுதான். எஞ்சின் செத்துப்போன ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார், ஆறு பேரோடும் ஒரு மூட்டை முட்டைக்கோவாவோடும் தேயிலை மலைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகும். ஈர ரோட்டில் டயர் உரசுவது, கண்ணாடி இடுக்கில் காற்று ஊதுவது, பின் சீட்டில் யாரோ முருகனைக் கூப்பிடுவது, இவைதான் கேட்கும். வளைவுகளை நான் எண்ணியிருக்கிறேன். பதினொன்று. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்பார்கள். வட்டவளைக்கு முன்னால் வரும் ஸ்டோர் வளைவில் அவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுவார். சாவி கைமாறும். கிளச்சை விட்டதும் கார் ஒரு தடவை குலுங்கி உயிர்பெறும்.

2007 ஆடியில், ஆசிரியர் நியமனம் கிடைத்து முதல்நாள் வட்டவளைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அந்தச் சாவி என் கைக்கு வந்தது. ஏதோ பழுது என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். பல் துலக்குகிறவரின் முகம்போல அவ்வளவு சாதாரணமாக இருந்தது. ஸ்டோர் வளைவில் அவர் கையை நீட்டியபோது என் விரல்கள் திறக்க மறுத்தன. அவரே திறந்து எடுத்துக்கொண்டார். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது.

"பயந்த ஆளு கையில ஒரு பொருளக் குடுத்துரணும்ங்க, மாஸ்டர் தம்பி. கை மூடிக்கிட்டா வாயும் மூடிக்கிரும்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம், பள்ளிக்கூட நாட்களில் எல்லாம், அந்தக் காரில்தான் போனேன். பஸ் இல்லாமல் இல்லை. எதற்காகப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. முழங்கையில் வேறு நிற நூலால் தைத்த மெரூன் சுவெட்டர், காது மூடிய குல்லா, கீழே சாரம். ஹட்டனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹயர்க்கார்கள் நிற்கும் வரிசையில் அவருடையது மூன்றாவது. காரின் பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டதால் டாங்குக்குள் ஒரு மூங்கில் சிலாம்பை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று முகர்ந்து பார்ப்பார். நனைந்த பகுதியை விரலால் அளந்து, "டிக்கோயா போய் வரலாம்", "நல்லதண்ணிக்குப் பத்தாது" என்று ஊர்க்கணக்கில்தான் சொல்வார். இறக்கங்களுக்கும் அவரிடம் தனி அளவு உண்டு. இது கால் போத்தல் இறக்கம், அது அரைப் போத்தல் இறக்கம். அத்தனை பெட்ரோல் மிச்சம் என்று அர்த்தம். கினிகத்தேனை வரைக்கும் சேர்த்தால் முக்கால் போத்தல். இந்த மலைநாடு முழுவதையும் அவர் போத்தல்களாகத்தான் பார்த்தார்.

ஏறும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். இறங்கும்போதுதான் கதை. மனைவி பூரணியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் எஞ்சின் நின்ற பிறகு சொன்னவை.

பூரணி அக்கா டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவர். 2009 ஆனியில் தோட்டப் பதிவில் பேர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டு நின்றார். அவருக்கு ஈ.பி.எஃப். பணமும் சர்வீஸ் பணமும் வரவேண்டியிருந்தது. அவர்கள் இருந்தது தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறை; அது வேலைக்குப் பேர் பதிந்த ஆளுக்கு உரியது. மகள் கல்யாணமாகி நாவலப்பிட்டியில் இருந்தாள். வெளிக்களத்தைப் பார்க்கும் கண்டாக்கையா இரண்டு தடவை வந்து, "இப்ப இந்த வீட்டுல யாரு வேலைக்கு வர்றது?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது தடவை வந்தால் என்ன கேட்பார் என்று லயம் முழுவதற்கும் தெரியும்.

பூரணி அக்கா ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். டிக்கோயா ரோட்டுக்கு மேலே, ஏழு பேர்ச் காணி. கொழுந்து எடுக்கிறவர்கள் செடியின் மேல்மட்டம் பார்க்கக் குறுக்கே போடும் நீளக் குச்சிக்கு மட்டக்கம்பு என்று பெயர். அதைக் கொண்டுபோய்த் தரையில் வைத்து வைத்து, இது அறை, இது குசினி, இது கக்கூசு என்று அளந்து, மூலைக்கு ஒரு கல்லும் போட்டுவிட்டு வந்திருந்தாராம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நானும் சொல்லிப்புட்டேன். அது ஒஞ் சல்லி புள்ள, செத்தாலும் நாந் தொட மாட்டேன்னு" என்றார் அண்ணன், ஒன்பதாவது வளைவில்.

அந்த வருடம் ஐப்பசியில் ஜெயரத்தினம் சார் தன் காரை விற்கப்போவதாகச் சொன்னார்.

சார் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வுபெறும் நேரம். யுத்தம் முடிந்து ரோடு திறந்துவிட்டது, ஊருக்குப் போகவேண்டும் என்று நின்றார். கொழும்பில் கார் இறக்கி விற்கும் மருமகன் முந்தின வருடம் அவருக்கு ஒரு ஜப்பான் ஹைபிரிட் கார் கொடுத்திருந்தார். பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளை நிறம். ஸ்டாண்டைக் கடந்து போகும்போது சத்தமே இருக்காது. மூன்று நாய்கள் தப்பியது தெய்வாதீனம்.

கணேசமூர்த்தி அண்ணன் ஒரு வருடமாக அந்தக் காரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். சார் ஏதாவது வாங்க நிறுத்தினால் எழுந்து போய் அதைச் சுற்றி வருவார். தொடமாட்டார். ஹட்டனில் அவருடைய ஹயரைத் திரீவீல்கள் தின்றுகொண்டிருந்தன. வெள்ளைக்காரரை ஏற்றும் ஒரு ஹோட்டலில், நல்ல கார் இருந்தால் நிரந்தர ஓட்டம் தரலாம் என்றிருந்தார்கள். கேம்பிரிட்ஜை எட்டிப் பார்த்துவிட்டு அந்த மனேஜர் சிரித்ததை அவர் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

"எங்கட ஊரிலை ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. அங்கை இதைக் கொண்டுபோய் என்ன செய்யிறது? உம்மட கையிலை இருந்தாத்தான் இதுக்கு மரியாதை" என்றார் சார். "ஒரு கிழமை வைச்சு ஓடிப் பாரும், கணேசமூர்த்தி. பிடிச்சா எடும். பிடிக்காட்டி ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடும்."

கேம்பிரிட்ஜை விற்று, பூரணி அக்காவின் பணத்தையும் சேர்த்தால் முற்பணம் ஆகும். மிச்சத்துக்கு லீசிங். இந்தக் கணக்கு ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திரீவீல் சின்னத்தம்பி, "அண்ணி வீட்ட ரோட்டுல ஓட விடப்போறாரு அண்ணன்" என்றான். அண்ணன் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை. வட்டவளையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் வேலாயி அக்கா முன்சீட்டில். நானும் இன்னும் இருவரும் பின்னால். சாவி கிடையாது. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டியைப் பொந்துக்குள் தள்ளி, ஒரு பொத்தானை அமுக்கினார். ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். வேலாயி அக்கா துள்ளிப்போய்க் கதவைப் பிடித்தார்.

"யாருடா அவ?"

"அண்ணியத் தவிர எல்லாருக்கும் தெரியும் அக்கா. நேத்து ராவுலருந்து பேசுதாம்" என்று ஜன்னலுக்கு வெளியே சின்னத்தம்பி.

ரொசல்ல தாண்டியது. ரோடு குனிந்தது. அவர் இடது கை வழக்கம்போல இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சாவி இருக்கவேண்டிய இடத்தில் போய்த் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. அந்த நொடியில் எஞ்சின் தானாகவே நின்றது.

எஞ்சின் நிற்பதில் எங்களுக்கு என்ன அதிர்ச்சி? இரண்டு வருடத்துக்கு மேலாக அதற்குள்தானே போய்வருகிறோம். ஆனாலும் காருக்குள் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்தோம். இதுவரை அதை ஒரு மனிதன் செய்தான். இப்போது மனிதனின் கை வெறுமனே அந்தரத்தில் நின்றது. டாஷ்போர்டு நடுவே சின்னத் திரையில் கார்ப் படம் ஒன்று. அதன் சக்கரத்திலிருந்து அம்புக்குறிகள் பெட்டரிக்குள் ஓடின. பெட்டரியில் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறிப் பச்சையாயின.

"ஐயையோ" என்றார் அண்ணன், மிகவும் மெதுவாக. "எறங்குறப்ப சம்பாரிக்குது."

மூன்றாவது வளைவில் மறுபடியும் சொன்னார். "நான் முப்பது வருசமா செலவ மட்டும்தான் நிறுத்துனேன், மாஸ்டர் தம்பி. இது சம்பாரிக்குது."

செவ்வாய் மாலைவரை பெட்ரோல் முள் அசையவில்லை. முள் ஒட்டிக்கொண்டதோ என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். மூங்கில் சிலாம்பை எடுத்துக்கொண்டு போனார்; டாங்கின் வாய்க்குள் அது நுழையவில்லை. ஸ்டாண்டில் அன்றைக்குப் பேச்சு அடங்கிப்போயிருந்தது. சின்னத்தம்பிகூடத் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "மனுசனுக்கு வேல இல்லாமப் பண்ணிருவான் போல" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

அன்று பிள்ளைகளின் பரீட்சைத் தாள் கட்டு ஒன்றைக் காரில் மறந்துவிட்டு, பின்னேரம் அதை எடுக்க லயத்துக்குப் போனேன். பூரணி அக்கா வெளியே நின்று காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறிய உடம்பு. கொழுந்துக்கூடையின் கயிறு அழுத்திய தழும்பு நெற்றிக்கு மேலே முடிக்குள் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அண்ணன் கார் செய்யும் அதிசயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சம்பாரிக்குது என்ற சொல் ஐந்தாறு தடவை வந்தது. அவர் மறுப்பை எதிர்பார்த்துப் பேசுகிறார் என்று எனக்குப் பட்டது. மறுப்பு வந்தால் சொல்லப் பதில்கள் எல்லாம் தயாராக இருந்தன.

"எடுத்துக்கங்க" என்றார் பூரணி அக்கா.

காரின் மேல் வைத்திருந்த கையை அண்ணன் எடுத்தார்.

"என்னா?"

"எடுத்துக்கங்கங்கிறேன். நாளைக்கே போயி கையெழுத்துப் போட்டுத் தாரேன். இந்த மாஸ்டருக்கு ஒரு வா தேத்தண்ணி ஊத்தவா?"

குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. அவர் உள்ளே போனபிறகு அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி எதையோ பார்த்தார். லயத்துக் கோடியில் அவர்களுடைய அவரைப் பாத்தி. கொடி படரப் புதிதாக ஒரு குச்சி ஊன்றியிருந்தது. நீளக் குச்சி, முப்பத்திரண்டு வருடம் கை பட்டு வழவழப்பாகி, நடுவில் பளபளத்தது. ஏழு பேர்ச்சை அளந்த மட்டக்கம்பு. ஒரு கொடி அதில் ஏற்கனவே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் தாள் கட்டோடு இறங்கி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை, ரொசல்ல தாண்டியதும் அவர் கை மறுபடி இறங்கியது. இந்தத் தடவை வெறுங்கையாக நிற்கவில்லை. டாஷ்போர்டில் இருந்த குட்டிக் கியர்க் குமிழைப் பிடித்து நியூட்ரலுக்குத் தள்ளியது.

"தானாத்தான் நிக்குதே அண்ணே, அப்புறம் எதுக்கு நியூட்ரல்?" என்று கேட்டேன். நான் அவரிடம் கேள்வியாகக் கேட்டவை இரண்டோ மூன்றோதான்.

"பழைய கைங்க தம்பி. சொன்னாக் கேக்குதா? நியூட்ரல்ல விட்டா இன்னுங் கொஞ்சம் வழுக்கும்."

அம்புக்குறிகள் மறைந்தன. திரையில் கார்ப் படத்துக்குக் கீழே ஒரு வரி ஜப்பானிய எழுத்து வந்து நின்றது. கூடவே ஒரு மணிச் சத்தம். வேலாயி அக்கா அது என்ன என்று கேட்டார்.

"நல்வரவுன்னு போட்டுருப்பான்" என்றார் அண்ணன்.

வெள்ளிக்கிழமையும் அதேபோல. அந்த எழுத்துகள் எனக்குப் பிடித்திருந்தன. கவிதைகள் எழுதிவைக்கும் குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தில், பின்சீட்டில் இருந்துகொண்டே, ஒவ்வொரு கோடாகப் பார்த்து வரைந்துகொண்டேன். வெள்ளி மாலை பெட்டரியில் இரண்டு கோடுதான் மிச்சம். அவை பச்சை இல்லை.

சனிக்கிழமை கினிகத்தேனையில் சந்தை. அண்ணன் பூரணி அக்காவை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். "ஒஞ் சல்லியில வாங்குற வண்டி, நீ ஒரு தரம் ஒக்காந்து பாக்க வேணாமா?" வீட்டுக்குத் தட்டுமுட்டு வாங்க நானும் போனேன். போகும்போது முழு இறக்கத்தையும் நியூட்ரலில் விட்டார். விளக்கு எரிந்தது, ஏசி ஓடியது, ரேடியோ பாடியது. குளிருக்கு எதற்கு ஏசி என்று அக்கா கேட்டதற்கு, "இருக்குறதப் போட்டுப் பாக்கணும் புள்ள" என்றார். நல்வரவு எழுத்தும் மணியும் விடாமல் வந்துகொண்டிருந்தன.

திரும்பும்போது ஐந்து பேர், இரண்டு அரிசி மூட்டை, ஒரு மூட்டை தேங்காய். கினிகத்தேனை டவுனை விட்டு ஏறத் தொடங்கியதும் எஞ்சின் கத்தியது. அப்படி ஒரு கத்தலை அந்த வாரம் முழுக்க அது கத்தியிருக்கவில்லை. கத்திற்றே தவிர ஏறவில்லை. பெட்டரியில் கோடு எதுவும் இல்லை. ஒரு வளைவில் டியூஷன் விட்டு நடந்துபோன பிள்ளைகள் எங்களோடு சேர்ந்தே நடந்து வந்தார்கள். பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து, சலித்து, கடந்து போனது. கொழுந்து லொறி கடந்தது. கடைசியில் சின்னத்தம்பியின் திரீவீல், உள்ளே நான்கு பேரோடு, குலுங்கிக் குலுங்கி வந்து எங்கள் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடியது.

"அண்ணே, கயிறு இருக்கு. கட்டி இழுக்கவா?"

அண்ணனின் காது சிவந்துபோயிருந்தது. முப்பது வருடமாக அந்த ரோட்டில் அவரை ஒரு திரீவீல் முந்தியதில்லை. நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். வட்டவளைக்கு வர ஒன்றேகால் மணித்தியாலம் ஆயிற்று. ஸ்டோர் வளைவில் பூரணி அக்கா சொன்னார்.

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினார்.

"நான் முப்பத்திரண்டு வருசம் கூடையோட மல ஏறுனேன். ஒரு நாளும் இப்பிடி எளச்சது கெடையாது. இந்தச் சனியன் வேணாங்க."

"பழகிரும் புள்ள" என்றார் அண்ணன். "புது வண்டி. எனக்குத்தான் ஓட்டத் தெரியல. இன்னும் ஒரு வாரம் பாத்தா—"

"வேணாம்னா வேணாம். இத நம்பி ரோட்டுல நிக்கச் சொல்றீங்களா? எந் தலையில கயித்தப் போட்டுச் சொமந்து எடுத்த சல்லி இது." அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணன் இன்னும் இரண்டு தடவை வாதாடிப் பார்த்தார். ஹோட்டல் ஓட்டம் போய்விடும் என்றார். சார் கோபிப்பார் என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சரி, நீ சொல்றப்ப நான் என்னா செய்றது" என்று அவர் ஒரு பெருமூச்சு விட்டுப் பொத்தானை அமுக்கினார். ஜப்பான்காரி ஏதோ சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் சாரிடம் திரும்பிப் போனது. அடுத்த மாதமே அதை ஒரு டாக்டர் வாங்கிக்கொண்டு போனார். ஸ்டாண்டில் மாதக்கணக்கில் அதே கேலி. ஜப்பான் காரை மாட்டு வண்டியாக்கிய ஒரே டிரைவர் என்று சின்னத்தம்பி வெளியூர் ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவான். "ஆமாப்பா, அது நமக்கு வராது. படிச்சவுங்க ஓட்டுற வண்டி" என்று அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். கேம்பிரிட்ஜ் மறுபடி இறங்கியது. சாவி மறுபடி என் கைக்கு வந்தது.

தை மாதம் கினிகத்தேனையில் விஜேபால என்பவருடைய கராஜில் என் நண்பனின் மோட்டார் சைக்கிளுக்காகக் காத்திருந்தேன். விஜேபால ஜப்பானில் ஆறு வருடம் வேலை செய்து திரும்பியவர். எனக்கு அந்தக் குறிப்புப் புத்தகம் ஞாபகம் வந்தது. நான் வரைந்திருந்ததைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிங்களத்தில் சொன்னார்: கியர் நியூட்ரலில் இருக்கிறது, இப்படியே விட்டால் பெட்டரி ஏறாது, டிரைவில் போடுங்கள்.

மூன்று நாள், ஒவ்வொரு இறக்கத்திலும், மணி அடித்து அடித்து அந்தக் கார் சொன்னது அதைத்தான். முப்பது வருடம் பெட்ரோலை மிச்சப்படுத்திய அதே கை, தனக்கு வாய்த்த ஒரே நல்ல காரைப் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறது. அதைப் பின்சீட்டில் இருந்து அழகாக வரைந்துகொண்டிருந்தவன் நான். சொல்வதா, விடுவதா என்று பத்து நாள் யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. ஹைபிரிட் வேறெங்கும் கிடைக்காமலா போகும்.

மாசியில் ஒரு சனிக்கிழமை போனேன். லயத்துக்கு இல்லை. டிக்கோயா ரோட்டுக்கு மேலே புது வீட்டுக்கு. பால் காய்ச்சி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. பூசாத கல், தகரக் கூரை, ஓர் அறை, குசினி, கொஞ்சம் தள்ளிக் கக்கூசு. குசினிச் சுவரில் புகைபோக வைத்த துளையை அக்கா எனக்குத் தனியாகக் காட்டினார். அவரைப் பாத்தியிலிருந்து பிடுங்கி வந்த மட்டக்கம்பு, கழுவித் துடைத்து, வாசல் நிலைக்கு மேலே செருகியிருந்தது.

அக்கா தேத்தண்ணீர் போட உள்ளே போனார். நான் புத்தகத்தை எடுத்து விரித்தேன்.

"அண்ணே, அந்த ஜப்பான் எழுத்து. நல்வரவு இல்லண்ணே. ஒருத்தர்கிட்டக் காட்டிக் கேட்டேன். நியூட்ரல்ல விட்டா..."

அவர் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். என் கையிலிருந்த புத்தகத்தை மூடி, பக்கத்தில் வைத்தார். பிறகு கேம்பிரிட்ஜின் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார்.

"இதக் கொஞ்சம் புடிங்க, மாஸ்டர் தம்பி."

பூரணி அக்கா இரண்டு கோப்பைகளோடு வந்தார். "ஏன் மாஸ்டருக்கு மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். தன் தவறு அவருக்குத் தெரிந்துவிட்டது, மனைவி முன்னால் வெட்கப்படுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கிளம்பும்போது சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

வைகாசியில் ஜெயரத்தினம் சார் பென்ஷன் பத்திரம் ஒன்றுக்காக ஹட்டன் வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். அந்தக் காரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்கும் மனதில் ஏதோ உறுத்தல் இருந்திருக்க வேண்டும்.

"நல்ல வாகனம் தம்பி. அவருக்கு ஏன் சரிவரேல்லை எண்டுதான் எனக்கு விளங்கேல்லை" என்றார். "கொண்டுபோற அண்டைக்கே எல்லாம் வடிவாச் சொல்லித்தான் குடுத்தனான். புதன்கிழமை பின்னேரம் நடந்து வந்து திரும்பவும் ஒருக்காக் கேட்டவர். 'நியூட்ரல்ல விட்டா நிச்சயமா பெட்டரி ஏறாதுங்களா, சார்?' எண்டு. ஓம், ஒரு சொட்டும் ஏறாது எண்டனான். 'நிச்சயமாங்களா?' எண்டு இன்னொருக்காக் கேட்டிட்டு, கும்பிட்டிட்டுப் போனவர்."